ஆக்சஸ் பாயின்ட் நாலு, போன் மட்டும் முதலாவதை விடுவதில்லை: வைஃபை ரோமிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடி வீடு, சின்ன லாட்ஜ், கிளினிக் என்று எங்கே பார்த்தாலும், வைஃபை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கேபிளை ஒழுங்காக இழுக்கிறார்கள், வைஃபை சிக்னல் தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்டை நல்ல இடத்தில்தான் மாட்டுகிறார்கள். ஆனால் மாடிப்படி ஏறினால் போன் ஒரு பெட்டியை விட்டு இன்னொன்றுக்குத் தாவ வேண்டும், இதுதான் ரோமிங். அங்கேதான் வாட்ஸ்அப் கால் அறுந்துவிடுகிறது. பாஸ்வேர்டு தப்பு, கேபிள் முனையின் கிரிம்ப் சரியில்லை என்பதெல்லாம் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

செல்போன் டவரில், பேசிக்கொண்டிருக்கும்போது எதற்கு மாறுவது என்பதை நெட்வொர்க் தீர்மானிக்கிறது. அக்கம்பக்கத்து சிக்னல்களை அளந்து சொல்வதோடு போனின் வேலை முடிந்தது. வைஃபையில் அப்படியில்லை. எப்போது மாறுவது, எதற்கு மாறுவது என்ற இரண்டையும் போனே முடிவு செய்கிறது. ஆக்சஸ் பாயின்ட்களை மொத்தமாக நிர்வகிக்கும் கன்ட்ரோலர் யோசனை சொல்லலாம், மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கலாம், அவ்வளவுதான். கீழே வரும் தவறுகளில் பாதி இதை மறந்ததால் வருபவை.

பவரை முழுசாக ஏற்றி வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியைக் குறைத்து வைப்பானேன் என்ற நினைப்பு.

ஒரு மூன்று மாடி லாட்ஜ். மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட், மூன்றுமே 'ஹை'. இரண்டாம் மாடியில் தங்கியவருக்கு எதிர்முனைக் குரல் துல்லியமாகக் கேட்கிறது. அவர் பேசுவதோ அங்கே விட்டுவிட்டுத்தான் போகிறது. இணைய நிறுவனத்தைத் திட்டினார்கள், பிளானை உயர்த்தினார்கள், கடைசியில் நாலாவதாக ஒன்றை வாங்கி அதையும் 'ஹை'யில் மாட்டினார்கள். கால் முன்பைவிட அதிகமாக அறுந்தது.

கணக்கு இதுதான். சிக்னல் வலிமையை டிபிஎம்மில் அளப்பார்கள், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். ஆக்சஸ் பாயின்ட் 24 டிபிஎம்மில் அனுப்புகிறது, போன் ஏறக்குறைய 14-இல். ஆன்டெனாவும் இடையில் உள்ள சுவரும் இரண்டு திசைக்கும் பொது என்பதால், இந்த 10 டெசிபல் வித்தியாசம் அப்படியே நிற்கும். போனுக்கு -68 என்று கேட்கும்போது, ஆக்சஸ் பாயின்டுக்குப் போனின் குரல் -78 ஆகத்தான் கேட்கும். ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் வெட்டு என்று யாராவது புகார் சொன்னால் முதலில் பவரைப் பாருங்கள்.

ஐபோன் -70-ஐத் தாண்டிக் கீழே போனால்தான் வேறு ஆக்சஸ் பாயின்டைத் தேடவே தொடங்கும் என்று ஆப்பிள் தன் ஆவணத்தில் சொல்கிறது. மேக் கணினிக்கு -75. தேடிக் கண்டுபிடித்தாலும் உடனே தாவாது. டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். போன் சும்மா கிடந்தால் 12. ஆண்ட்ராய்டில் இது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மேலே சொன்ன லாட்ஜில் போன் -68-இல் உட்கார்ந்திருந்தது. அது தேடவேயில்லை. தலைக்கு மேலே புதுப்பெட்டி தொங்கினால் என்ன, தொங்காவிட்டால் என்ன?

வைஃபை ஓடுவது 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில். 5 ஜிகாஹெர்ட்ஸில் 14 முதல் 17 டிபிஎம்முக்குள் வையுங்கள். 2.4 அதிக தூரம் போகும் என்பதால் அதை இன்னும் 6 டெசிபல் குறையுங்கள். எண் தராமல் 'லோ, மீடியம், ஹை' மட்டும் இருக்கும் பெட்டியில் 5-க்கு மீடியம், 2.4-க்கு லோ என்று தொடங்கலாம். பிறகு ஒரு காலைப் போட்டுப் பேசிக்கொண்டே நடங்கள். பழையது -70-க்கு இறங்கும் இடத்தில் அடுத்தது -62 அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பவரை ஏற்றாதீர்கள், பெட்டியை நகர்த்துங்கள். கான்கிரீட் தளம் நடுவில் வரும் வீட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் மாட்டுவதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் டெவலப்பர் ஆப்ஷனில் வைஃபை வெர்போஸ் லாகிங்கைப் போட்டால், வைஃபை பட்டியலிலேயே சிக்னல் அளவும் ஆக்சஸ் பாயின்டின் மேக் முகவரியும் (பெட்டியின் அடையாள எண்) தெரியும். முகவரி மாறினால் போன் வேறு பெட்டிக்கு மாறிவிட்டது என்று பொருள். இருப்பதிலேயே மட்டமான போனை வைத்து நடந்து பாருங்கள். புத்தம்புது போனில் சோதித்துவிட்டுப் போவதில் பயனில்லை.

2.4-இல் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை அணைத்து, 12-ஐக் குறைந்தபட்சமாக்குங்கள். தூரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் போன் அப்போதுதான் கையை விடும். 802.11பி என்ற பழைய வைஃபை முறை மட்டும் தெரிந்த பழைய பிரிண்டரோ பயோமெட்ரிக் மெஷினோ இருந்தால் காணாமல் போகும், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பலவீனமான போனை வெளியே தள்ளும் 'மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ' வசதியை -67 என்று கறாராக வைக்க வேண்டாம். அடுத்த ஆக்சஸ் பாயின்ட் எட்டாத மூலையில் உள்ள போன் துண்டிக்கப்பட்டு, திரும்ப அதே பெட்டிக்கு வந்து, மறுபடி துண்டிக்கப்படும். -78, -80 போதும்.

மாடிக்கு ஒரு பெயர்

வேண்டாம். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

பழைய ரவுட்டரை வான் போர்ட்டில் செருகுவது

மாடியில் பழைய ரவுட்டரைப் போடுவதில் தப்பில்லை. ஆனால் இணைய இணைப்புக்கென உள்ள வான் போர்ட்டில் செருகினால் அது தனி நெட்வொர்க்காகிவிடும். போன் அதற்கு மாறியதும் ஐபி முகவரியும் மாறும், ஓடிக்கொண்டிருந்த கால் அறுந்துவிடும். லேன் போர்ட்டில் செருகி, ஐபி முகவரி பங்கிடும் டிஹெச்சிபி-யை அணையுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், டிஹெச்சிபி பங்கிடும் எல்லைக்கு வெளியே.

சேனலை யோசிக்காமல் போடுவது

2.4-இல் 1, 6, 11 மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-இல் 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். அங்கே போன் தானாகக் குரல் கொடுத்து விசாரிக்கக் கூடாது. ஆக்சஸ் பாயின்ட் 'நான் இருக்கிறேன்' என்று அனுப்பும் பீக்கன் வரும்வரை காதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒன்று. சேனலுக்குச் சேனல் அவ்வளவு காத்திருந்தால் பேச்சு தடுமாறாதா? சின்ன இடத்துக்கு 36, 44, 149, 157 என நாலு சேனல், 40 அகலத்தில், தாராளம். 80 அகலம் வேண்டுமென்றால் ரேடார் சிக்கல் இல்லாதவை இரண்டுதான் தேறும்.

802.11கே-வைப் போட்டு வையுங்கள். எந்தெந்தச் சேனலில் அண்டை ஆக்சஸ் பாயின்ட் இருக்கிறது என்ற பட்டியல் போனுக்குக் கிடைக்கும், எல்லாவற்றையும் துழாவ வேண்டியதில்லை.

802.11ஆர் போட்டால் எல்லாம் சரியாகும் என்பது

பெட்டி மாறும்போது நடக்கும் பாதுகாப்புச் சரிபார்ப்பைச் சுருக்குவது அது. சாதாரண பாஸ்வேர்டு வைஃபையில் அதனால் பெரிய மிச்சமில்லை. ஆளுக்கொரு லாகின் வைத்து, அதைச் சரிபார்க்க ரேடியஸ் சர்வர் ஓடும் அலுவலகத்தில்தான் அது உயிர்நாடி.

பெயரை மறைத்து வைப்பது

பாதுகாப்பும் இல்லை, ரோமிங்குக்கும் கெடுதல்.

பயர்வாலில் சோதனை முகவரியை அடைப்பது

வைஃபையில் சேர்ந்ததும் இணையம் உண்டா என்று போன் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கனெக்டிவிட்டிசெக்.ஜிஸ்டேட்டிக்.காம், ஆப்பிளில் கேப்டிவ்.ஆப்பிள்.காம். விளம்பரத் தடுப்பானில் கண்டபடி பட்டியல்களை ஏற்றி இவற்றையும் அடைத்துவிட்டால், 'இணையம் இல்லை' என்று போன் மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும். சிக்னல் முழுசாக இருக்கும், டேட்டா பிளான் மட்டும் கரையும்.

சாதாரண போன் காலை வைஃபை வழியே பேசும் வைஃபை காலிங்குக்கும் இதே கதி நேரும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்தியாவில் தொடங்கிய இந்தச் சேவை, போனிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்கு ஐபிசெக் சுரங்கம் (பூட்டிய தனிப்பாதை) போட்டு ஓடுகிறது. பயர்வாலில் யூடிபி போர்ட் 500, 4500 இரண்டும் வெளியே போகத் திறந்திருக்க வேண்டும்.