யுஎஸ்பி நெட்வொர்க் கேட்ஜெட்: செருகியதும் கணினி கண்டுகொள்ளாமல் போகவைக்கும் தவறுகள்

ராஸ்பெர்ரி பை ஜீரோ மாதிரியான சின்ன போர்டை ஒரே ஒரு யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, திரை, கீபோர்டு, வைஃபை எதுவும் இல்லாமல் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை தரும் முறை) வழியாக உள்ளே போக முடியும். கேபிளே மின்சாரமும் தருகிறது, நெட்வொர்க்கும் ஆகிறது. லினக்ஸ் கர்னலில் இதற்கான கேட்ஜெட் வசதி, அதாவது போர்டே ஒரு யுஎஸ்பி சாதனமாக நடந்துகொள்ளும் வசதி, பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் செய்து பார்த்தவர்களில் பாதிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: லினக்ஸ் லேப்டாப்பில் வருகிறது, விண்டோஸில் காம் போர்ட் (சீரியல் இணைப்பு) என்று காட்டுகிறது, மேக்கில் ஒன்றுமே இல்லை.

இதில் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. செருகிய கணத்தில் கணினி போர்டிடம் "நீ யார்?" என்று கேட்கிறது. போர்டு அதற்குத் தன் டிஸ்கிரிப்டர்களை அனுப்புகிறது. எந்த டிரைவரைப் போடுவது என்பது அந்த விவரங்களை வைத்துத்தான் முடிவாகிறது. ஊகித்துப் பார்க்கும் வேலையை எந்த இயங்குதளமும் செய்வதில்லை. ஆகவே திருத்த வேண்டியது போர்டு சொல்லும் பதிலைத்தான். பயனரின் கணினியில் எதையாவது நிறுவச் சொல்வது தீர்வே அல்ல.

அடிப்படை விஷயங்களைச் சட்டென்று பார்த்துவிடலாம். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. பை ஜீரோவில் இரண்டு மைக்ரோ யுஎஸ்பி துளைகள் உண்டு, அதில் யுஎஸ்பி என்று எழுதியிருப்பதில்தான் செருக வேண்டும், பவர் என்று எழுதியதில் அல்ல. பை 3பி போர்டில் சிப்புக்கும் யுஎஸ்பி துளைகளுக்கும் நடுவே ஒரு ஹப் உட்கார்ந்திருப்பதால் அது கேட்ஜெட்டாக மாறவே மாறாது. பை 4-ல் டைப்-சி துளை வழியாக முடியும். அப்புறம், போர்டின் கான்ஃபிக் கோப்பில் யுஎஸ்பி டிரைவருக்கான டிடபிள்யூசி2 வரி ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது கம்ப்யூட் மாட்யூல் என்ற வேறொரு பை மாடலுக்கான பகுதியின் கீழே இருந்தால் உங்கள் போர்டுக்குச் செல்லாது. எல்லா மாடல்களுக்கும் பொதுவான பகுதியில் எழுத வேண்டும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள் அடைவுக்கு இடம் மாறிவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்துப் பழைய இடத்தில் எழுதினால் ஒன்றும் நடக்காது.

இனி முக்கியமான தவறுகள்.

ஒரே ஒரு நெறிமுறையைப் பிடித்துக்கொண்டு, அது எல்லாக் கணினிக்கும் போதும் என்று நினைப்பது முதல் தவறு. யுஎஸ்பி மேல் ஈதர்நெட் ஓட்ட இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஆர்என்டிஐஎஸ் மைக்ரோசாஃப்டின் வழி, விண்டோஸுக்குத் தெரியும், மேக்குக்கு அதற்கான டிரைவர் உள்ளே கிடையாது. ஈசிஎம் யுஎஸ்பி தரத்தில் உள்ளது, மேக்குக்கும் லினக்ஸுக்கும் தெரியும், விண்டோஸில் டிரைவர் இல்லை. என்சிஎம் அதற்குப் பின் வந்த தரம், மேக், லினக்ஸ் இரண்டிலும் உண்டு, விண்டோஸ் 11-லும் உள்ளேயே டிரைவர் வந்துவிட்டது. லினக்ஸ் மூன்றையும் பேசும் என்பதால், லினக்ஸ் லேப்டாப்பில் மட்டும் சோதித்துவிட்டு "வேலை செய்கிறது" என்று முடிவு கட்டுவது ஆபத்து.

என் கருத்தைக் கேட்டால், இன்று புதிதாகத் தொடங்குபவர் என்சிஎம்மை எடுப்பதே நல்லது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆர்என்டிஐஎஸ்ஸின் வடிவமைப்பே பாதுகாப்புக்கு ஒத்துவராது என்று கர்னல் வட்டாரத்திலும் பேச்சு இருக்கிறது. ஆனால் பள்ளி, அலுவலகம் என்று பழைய விண்டோஸ் கணினிகள் நிறைந்த இடத்துக்குப் போர்டைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஆர்என்டிஐஎஸ் இல்லாமல் முடியாது. அங்கேதான் அடுத்த சிக்கல் வருகிறது.

விண்டோஸ் 10-ல் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டருக்குப் பதிலாக "யுஎஸ்பி சீரியல் டிவைஸ், காம் 3" என்று வரும். காரணம் இதுதான்: ஆர்என்டிஐஎஸ் தன்னை அறிவிக்கும் வகுப்பு எண்ணும் சீரியல் மோடத்தின் வகுப்பு எண்ணும் ஒன்றோடொன்று மோதுகின்றன. விண்டோஸ் 10 தன் சீரியல் டிரைவரை அந்த வகுப்புக்குத் தானாகவே போட்டுவிடுகிறது. இதை மாற்ற, "நான் ஆர்என்டிஐஎஸ்தான்" என்று போர்டு விண்டோஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கென்றே மைக்ரோசாஃப்ட் ஓஎஸ் டிஸ்கிரிப்டர் என்று ஒன்று இருக்கிறது. கான்ஃபிக்எஃப்எஸ் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாக எழுதும் வழி) வழியாக கேட்ஜெட்டை அமைக்கும்போது அடையாளச் சரமாக எம்எஸ்எஃப்டி100 என்றும், பொருந்தும் அடையாளமாக ஆர்என்டிஐஎஸ் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்திலும், துணை அடையாளமாக 5162001 என்றும் எழுத வேண்டும். இவ்வளவையும் சரியாக எழுதிவிட்டு, ஓஎஸ் டிஸ்கிரிப்டர் அடைவுக்குள் கான்ஃபிகரேஷனுக்கு (கேட்ஜெட் தரும் வேலைகளின் தொகுப்பு) ஒரு சிம்லிங்க், அதாவது சுட்டும் இணைப்பு, போட மறந்துவிடுகிறார்கள். அந்த இணைப்பு இல்லையென்றால் எழுதியது எதுவும் விண்டோஸுக்குப் போய்ச் சேராது. இவை எல்லாவற்றையும் யுடிசி (போர்டின் யுஎஸ்பி கன்ட்ரோலர்) பெயரை எழுதி கேட்ஜெட்டை இயக்கும் முன்பே முடித்திருக்கவும் வேண்டும். நெட்வொர்க் கேட்ஜெட்டுக்கான பழைய கர்னல் மாட்யூலான ஜி_ஈதரில் இந்த வசதியே இல்லை. அதை ஏற்றிவிட்டு விண்டோஸோடு மல்லுக்கட்டுவதை விட கான்ஃபிக்எஃப்எஸ்ஸுக்கு மாறிவிடுவதே மேல்.

"டிரைவர் கோப்பைத் தருகிறேன், நிறுவிக்கொள்ளுங்கள்" என்று ஐஎன்எஃப் கோப்பு கொடுப்பது பழைய பழக்கம். கையொப்பம் இல்லாத கோப்பை இன்றைய 64-பிட் விண்டோஸ் ஏற்காது. ஏற்க வைக்கச் சொல்லிக்கொடுப்பது பயனரின் பாதுகாப்பைத் தளர்த்துவதுதான்.

சரி, எல்லாவற்றையும் திருத்தியாயிற்று. மறுபடி செருகினால் அதே காம் போர்ட். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், திருத்தம் சரியாக இருந்தும். விஷயம் என்னவென்றால், ஒரு சாதனத்தை முதன்முதலாகப் பார்க்கும்போதுதான் விண்டோஸ் ஓஎஸ் டிஸ்கிரிப்டரைக் கேட்கும். இல்லை என்று பதில் வந்தால், அதை ரெஜிஸ்ட்ரியில் யுஎஸ்பிஃபிளாக்ஸ் என்ற சாவியின் கீழ் குறித்துவைத்துக்கொள்ளும். அங்கே வெண்டர் எண், பிராடக்ட் எண், பதிப்பு எண் மூன்றையும் ஒட்டி 12 இலக்கத்தில் ஒரு பதிவு இருக்கும். அந்த மூன்றும் மாறாத வரை விண்டோஸ் மறுபடி கேட்காது. ஆகவே டிஸ்கிரிப்டரில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணை ஒன்று ஏற்றிவிடுங்கள், விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாகப் பார்க்கும். உங்கள் சோதனைக் கணினி என்றால் அந்தப் பதிவை நீக்கி, டிவைஸ் மேனேஜரிலும் சாதனத்தை அகற்றிவிட்டுச் செருகலாம். அடுத்தவர் கணினியில் ரெஜிஸ்ட்ரியைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

எல்லோரையும் திருப்திப்படுத்த ஒரே கேட்ஜெட்டில் இரண்டு கான்ஃபிகரேஷன் வைப்பதும் உண்டு: முதலாவதில் ஆர்என்டிஐஎஸ், இரண்டாவதில் ஈசிஎம். நெட்வொர்க் மட்டும் இருந்தால் இது ஓடும். விண்டோஸ் முதல் கான்ஃபிகரேஷனைத்தான் எடுக்கும், அதனால் ஆர்என்டிஐஎஸ் முதலில் இருக்க வேண்டும். ஆனால் கூடவே சீரியல் கன்சோலோ ஸ்டோரேஜோ சேர்த்தால் கதை மாறுகிறது. விண்டோஸ் ஒரு சாதனத்தைப் பல வேலைகள் சேர்ந்த கூட்டுச் சாதனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கான்ஃபிகரேஷன் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் தானாகப் பிரிக்காது, மஞ்சள் குறியோடு நின்றுவிடும். பல வேலைகள் சேர்ந்த கேட்ஜெட்டுக்கு ஒரே கான்ஃபிகரேஷனில் எல்லாவற்றையும் வைத்து, சாதனத்தின் வகுப்பு, துணை வகுப்பு, நெறிமுறை மூன்றையும் கூட்டுச் சாதனத்துக்கு உரிய மதிப்புகளாகக் கொடுப்பதுதான் சரி.

பீகிள்போன் பிளாக் போர்டு இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது நல்ல பாடம். ஒரே கேபிளில் இரண்டு நெட்வொர்க் முகங்களைக் காட்டும்: விண்டோஸுக்கு 192.168.7.2, மேக்குக்கும் லினக்ஸுக்கும் 192.168.6.2. இரண்டுக்கும் ஒரே சப்நெட் (முகவரி வரிசை) கொடுத்திருந்தால், இரண்டையும் ஏற்றிவிடும் லினக்ஸ் கணினியில் எந்தப் பக்கம் அனுப்புவது என்ற குழப்பம் வந்திருக்கும்.

நெட்வொர்க் முகத்தின் அடையாளமான எம்ஏசி முகவரியை (மேக் கணினியோடு இதற்குத் தொடர்பில்லை) கொடுக்காமல் விட்டால் கர்னல் ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக ஒன்றை உருவாக்கும். கணினிக்கு அது தினமும் புது நெட்வொர்க். விண்டோஸில் நெட்வொர்க் 2, நெட்வொர்க் 3 என்று பட்டியல் நீளும், லினக்ஸில் நீங்கள் சேமித்த அமைப்பு ஒட்டாது. இரண்டு முனைகளுக்கும் வெவ்வேறான, நிலையான முகவரி கொடுங்கள். முதல் பைட்டை 02 என்று தொடங்கினால் பாதுகாப்பு. ஒற்றைப்படை எண்ணில் தொடங்கினால் அது மல்டிகாஸ்ட் முகவரி, செல்லாது. சீரியல் எண்ணும் இப்படித்தான். அது இல்லாவிட்டால் துளை மாற்றிச் செருகும்போதெல்லாம் விண்டோஸ் வேறு சாதனம் என்று எடுத்துக்கொள்ளும். போர்டின் சிப்பிலேயே தனித்த எண் இருக்கிறது, அதை எடுத்து இரண்டுக்கும் பயன்படுத்தலாம்.

சாதனம் தெரிந்துவிட்டது, ஆனால் பயனரின் இணையம் போய்விட்டது என்றால், போர்டில் ஓடும், முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் தன்னையே கேட்வே (இணையத்துக்கு வெளியேறும் வழி) என்று அறிவிக்கிறது என்று பொருள். கணினி மொத்தப் போக்குவரத்தையும் அந்தச் சின்ன போர்டுக்கே அனுப்பத் தொடங்கிவிடும். டிஎச்சிபி சர்வராக ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலில் 3, 6 ஆகிய இரண்டு விருப்பங்களையும் மதிப்பு எதுவும் இல்லாமல் எழுதிவிட்டால் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் போகாது. டிஎச்சிபியே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் சரியில்லை. விண்டோஸும் மேக்கும் 169.254 வரிசையில் தாங்களே முகவரி எடுத்துக்கொள்ளும். உபுண்டுவிலோ நெட்வொர்க்மேனேஜர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும், லிங்க்-லோக்கல் (அதே 169.254 முறை) என்று கையால் மாற்றினால்தான் நிற்கும்.

கடைசியாக, அடையாள எண்கள். சோதனைக்கு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எண்ணைப் பயன்படுத்துவது பழக்கம்தான். ஆனால் அதே எண்ணோடு ஊரெல்லாம் வேறு வேறு கேட்ஜெட்டுகள் சுற்றுகின்றன. வேறொருவரின் போர்டை ஏற்கெனவே பார்த்த கணினி, உங்களுடையதற்கும் அந்தப் பழைய பதிவையே நீட்டும். திறமூலத் திட்டம் என்றால் பிட்.கோட்ஸ் தளத்தில் 1209 என்ற வெண்டர் எண்ணின் கீழ் ஒரு பிராடக்ட் எண்ணை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். அதை வாங்கிய பிறகு, உங்கள் போர்டை இதுவரை பார்த்தே இராத ஒரு விண்டோஸ் கணினியிலும் ஒரு மேக்கிலும் செருகிச் சோதியுங்கள். பழகிய கணினியில் கிடைக்கும் வெற்றியை வைத்து யாருக்கும் போர்டைக் கொடுத்துவிடாதீர்கள்.