அந்த முதல் அடியில் பியானோவைத் தவற விடாதீர்கள்

பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1964-இல் பதிவு செய்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாட்டு, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ஒரே ஒரு கார்டின் அடியோடு தொடங்கும். ‘ட்ராங்ங்’ என்று சுமார் மூன்று நொடி, அப்புறம் பாட்டு. கேட்டவுடன் எல்லோரும் கிட்டாரைத்தான் எடுப்போம். அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது.

நானும் பல வருஷம் எஃப், ஏ, சி, அதற்கு மேலே ஜி என்ற மேற்கத்திய ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் தன் பன்னிரண்டு கம்பி கிட்டாரில் வாசித்தது அதேதான். 2001-இல் அவரே சொன்னார். கூடவே, பேஸில் (கீழ் ஸ்வரங்களுக்கான கிட்டாரில்) என்ன ஸ்வரம் என்று பால் மெக்கார்ட்னியைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பாதியை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பால் மெக்கார்ட்னி பேஸில் வாசித்தது டி. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பியானோவில் சேர்ந்துகொண்டார். ஒரு கார்ட், பல கைகள். அதை ஒரே வாத்தியத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பியானோவில் வலது கையால் எஃப், ஏ, சி, ஜி வாசியுங்கள். இனிமையாக, வெளிச்சமாக இருக்கும். இப்போது இடது கையால் கீழே ஒரு டி சேருங்கள். மேலே ஒரு விரலும் நகரவில்லை, ஆனால் முகமே மாறிவிடும். எதற்கோ காத்திருப்பது போன்ற ஒரு தவிப்பு வந்துவிடும். அதனால் எந்தக் கார்டையும் அடி ஸ்வரத்திலிருந்து பிடியுங்கள். சந்தேகமாக இருந்தால் டி-யை வாயால் முனகியபடி பதிவைக் கேளுங்கள். சுருதி சேர்ந்தாற்போல் குரல் அதற்குள் கரைந்துவிடும்.

அடுத்த தவறு, பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் மென்பொருள் காட்டும் ஒவ்வொரு கோட்டையும் ஸ்வரமாக எண்ணுவது. ஒரு டி ஒலித்தாலே அதன் ஐந்தாவது அதிர்வெண் மடங்கு எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அரைப்படி மேலே) பக்கம் விழும். அதை நம்பி வாசித்தால் கார்டிலுள்ள எஃப்-உடன் உரசி, காது கூசும். கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜேசன் பிரவுன் என்ற கனடா கணிதப் பேராசிரியர் இந்த ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து, கிட்டார்களால் மட்டும் விளக்க முடியாததைக் கண்டுதான் பியானோ இருக்கிறது என்று வாதிட்டார். அவர் எண்களைப் பார்த்ததோடு நிற்காமல், எந்த வாத்தியத்தில் எத்தனை கம்பி அதிரும் என்றும் யோசித்தார்.

கார்டின் பெயருக்காகச் சண்டை போடுவதும் வீண். டி-யை அடியாக வைத்தால் டி மைனர் செவன்த், மேலே ஒரு ஜி. பாட்டு ஜி-யை ஆதார ஸ்வரமாகக் கொண்டிருப்பதால் ஜி-யின் சஸ்பெண்டட் வகை என்பாரும் உண்டு. இரண்டு பெயருக்கும் ஸ்வரங்கள் அவையேதான்.

வாசிக்கும்போது எல்லா விரலையும் ஒரே நொடியில் இறக்குங்கள், சுண்டுவிரலின் ஜி மட்டும் கொஞ்சம் அழுத்தமாக. பெடலை எடுக்காமல் ஒலி அடங்கும்வரை கேளுங்கள். மேலே உள்ளவை மெல்லத் தேய, கீழே அந்த டி தனியாகத் தெரியும்.