அணைந்த லேப்டாப் திரையில் வீடியோ ஓடவைக்கலாம்: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் செய்முறை

மேசைமேல் லேப்டாப் இருக்கும் ஒரு ஃபோட்டோ. அதன் திரையில் மட்டும் வீடியோ ஓட வேண்டும். இதை டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் செய்யலாம். நான்கு மூலைகளைப் பொருத்துவது சுலபம். கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பைக் காப்பாற்றினால்தான் பார்ப்பவர் நம்புவார். ஆகவே திரையை அணைத்துவிட்டு ஃபோட்டோ எடுங்கள். ஜன்னல் வெளிச்சம், தூசி, விரல் தடம் எல்லாம் அதில் பதியும். எரியும் திரையை எடுத்தால் இவை போய்விடும், பிறகு மீட்க வழியில்லை.

தயாரிப்பு

ஃபோட்டோவை 1920 × 1080 அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபோட்டோவும் வீடியோவும் வேறு வேறு அளவில் இருந்தால் மூலைப் புள்ளிகள் எங்கோ போய் நிற்கும். டைம்லைனின் (கிளிப்புகளை அடுக்கும் இடம்) ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, முதலிலேயே வீடியோவுக்குச் சமமாக வையுங்கள் (ஃபோனில் எடுத்தது பெரும்பாலும் 30). டைம்லைன் உருவான பின் அதை மாற்ற முடியாது.

ஃபோட்டோ கீழ்த் தடத்தில், வீடியோ அதற்கு மேல் தடத்தில். ஃபோட்டோ வழக்கமாக 5 நொடிதான் வரும். வீடியோவின் நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். இரண்டையும் தேர்ந்து, ரைட் கிளிக் செய்து 'நியூ ஃப்யூஷன் கிளிப்' கொடுத்து, படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இணைக்கும் ஃப்யூஷன் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி இருக்கும், அதுதான் நோடு.

மூலைகள்

மீடியா இன் 2 (வீடியோ) நோடைத் தேர்ந்து, ஷிஃப்ட்டுடன் ஸ்பேஸ் அழுத்தி, 'கார்னர் பொசிஷனர்' தேடிச் சேர்க்கவும். வியூவரில் (முன்னோட்டச் சாளரம்) மெர்ஜ் நோடை, அதாவது ஃபோட்டோவின் மேல் வீடியோவைச் சேர்க்கும் நோடை, காட்டியபடி நான்கு புள்ளிகளையும் திரையின் மூலைகளுக்கு இழுங்கள். சட்டத்தின் மூலைக்கு அல்ல, ஒளிரும் பகுதியின் மூலைக்கு. பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள்.

பல லேப்டாப் திரைகள் 16:10, வீடியோ 16:9. அப்படியே பொருத்தினால் முகங்கள் ஒடுங்கித் தெரியும். கார்னர் பொசிஷனருக்கு முன் ஒரு டிரான்ஸ்ஃபார்ம் நோடு போட்டு, அகல அளவை மட்டும் 1.11 ஆக்குங்கள். பக்கவாட்டில் வழிவதை அடுத்து வரும் மாஸ்க் (வரைந்த எல்லைக்குள் மட்டும் படத்தைக் காட்டுவது) வெட்டிவிடும்.

மெர்ஜைத் தேர்ந்து பாலிகன் ஐகானை அழுத்தி, திரையின் விளிம்பைச் சுற்றி வரையுங்கள். வளைந்த மூலைகளையும் திரைக்கு முன்னால் நிற்கும் கோப்பை, விரல் போன்றவற்றையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். சாஃப்ட் எட்ஜ் 0.001 போதும், கூர்மையாக விட்டால் கத்தரித்து ஒட்டியது போல் நிற்கும்.

வெளிச்சம்

மெர்ஜில் அப்ளை மோடை (இரு படங்களும் கலக்கும் முறை) 'ஸ்கிரீன்' ஆக்குங்கள். வீடியோவின் கறுப்பு மறைந்து, அந்த இடத்தில் ஃபோட்டோவின் மங்கலான கண்ணாடி தெரியும். பிரதிபலிப்பும் மேலே மிதக்கும். நிஜத் திரையிலும் முழுக் கறுப்பு கிடையாது, அறை வெளிச்சம் அதை எப்போதும் சற்று வெளுக்கவைக்கும்.

வீடியோ கண்ணைப் பறித்தால் பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் நோடில் கெய்னை (வெளிச்சத்தின் அளவு) 0.8 அளவுக்குக் குறைக்கவும். நிறத்தில் பலரும் தவறுவார்கள்: அறை மஞ்சளாக இருக்கிறதென்று வீடியோவையும் மஞ்சளாக்கிவிடுவார்கள். திரை தானே ஒளி தரும் பொருள். அதன் வெள்ளை ஏறக்குறைய 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு, எண் கூடினால் நீலம்), மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. பல்பு ஒளியில் திரை நீலச் சாயலோடு தெரிவதே சரி.

ஃபோட்டோவில் திரை ஃபோகஸில் இல்லாவிட்டால் வீடியோவுக்கும் ஒரு பிளர் நோடு, அளவு 1 அல்லது 1.5.

கீபோர்டில் விழும் ஒளியை விட்டுவிடாதீர்கள். கார்னர் பொசிஷனரிலிருந்து இன்னொரு கம்பி இழுத்து, பிளர் 60 முதல் 80 வைத்து, இரண்டாவது மெர்ஜில் ஸ்கிரீன் மோடில் சேர்க்கவும், பிளெண்ட் (கலப்பின் அளவு) 0.1 முதல் 0.15, மாஸ்க் கீபோர்டுக்கு மட்டும். காட்சி மாறும்போது விசைகளின் நிறமும் மாறும்.

உறைந்த ஃபோட்டோ

திரை அசைகிறது, சுற்றிலும் உள்ள புள்ளி இரைச்சல் அசையாமல் நிற்கிறது. கண் இதைச் சட்டென்று பிடித்துவிடும். எல்லா மெர்ஜுக்கும் பின்னால், படம் முழுக்க அசையும் புள்ளிகளைத் தூவும் ஒரு கிரெய்ன் நோடு போட்டால் ஃபோட்டோவும் வீடியோவும் ஒரே கேமராவில் எடுத்தவை போல் ஆகிவிடும். அந்தக் கிரெய்னுக்குச் சற்று முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்ம் வைத்து, அளவை முதல் ஃப்ரேமில் 1, கடைசி ஃப்ரேமில் 1.04 என்று கீஃப்ரேம் செய்தால் (அந்தந்த ஃப்ரேமுக்கான மதிப்பைக் குறித்தால்) கேமரா மெல்ல நெருங்குவது போல் வரும். வரிசை மாறக் கூடாது: டிரான்ஸ்ஃபார்ம் கடைசியில் வந்தால் கிரெய்னும் சேர்ந்து பெரிதாகும்.