கிட்டாரின் நைலான் தந்தி பிரிட்ஜில் நழுவாமல் இருக்க

கிளாசிக்கல் கிட்டாரில் மெல்லிய முதல் தந்தியை பிரிட்ஜில் (பலகைமேல் ஒட்டியிருக்கும், தந்திகளைக் கட்டும் கட்டை) கட்டும்போது, வால்முனையை அதன் துளை வழியே விட்டு, தந்தியைச் சுற்றித் திருப்பி வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் மூன்று முறை சுற்றி நுழையுங்கள். கடைசிச் சுற்று பிரிட்ஜ் கட்டையின் மேல்பரப்பில் நிற்கக் கூடாது. பின்விளிம்பைத் தாண்டி, செங்குத்தான பின்பக்கத்தில் விழ வேண்டும். இது ஒன்றுதான் முக்கியம்.

தந்தியை முறுக்கேற்றும்போது வளையம் இறுகி, வால்முனையைக் கட்டையின் பின்பக்கத்தோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். இழுவிசை கூடக் கூடப் பிடியும் கூடும். மேல்பரப்பிலேயே முடித்துவிட்டால் அந்த நசுக்கல் கிடைக்காது. வழவழப்பான நைலான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒரு நாள் சட்டென்று விடுபடும். அப்போது தந்தி முனை சாட்டைபோல் அடித்துப் பலகையில் வடு விழும், அது போகவே போகாது. அதனால் தந்தி மாற்றும்போது பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டையை வைத்துவிடுங்கள். நைலானுக்குப் பதிலாகப் போடும் ஃப்ளோரோகார்பன் என்ற செயற்கை இழைத் தந்தி இன்னும் மெல்லியது, இன்னும் வழுக்கும். வால்முனையை லைட்டரில் லேசாகக் காட்டிச் சிறு குமிழாக்கிக்கொண்டால் கூடுதல் காவல்.

உலோக இழை சுற்றிய 4, 5, 6-ஆம் தந்திகளுக்கு இத்தனை சுற்று வேண்டாம், ஒன்றே போதும், சொரசொரப்பே பிடித்துக்கொள்ளும். முனையில் குண்டு உள்ள தந்திக்கும், ஒரு தந்திக்கு இரண்டு துளை வீதம் உள்ள 12 துளை பிரிட்ஜுக்கும் இந்த முறை பொருந்தாது. ஸ்டீல் தந்தியை இந்த பிரிட்ஜில் கட்டவே கட்டாதீர்கள், இழுவிசை தாங்காமல் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடலாம்.