கொடிவேலி வேரிலிருந்து பிளம்பாஜின்: பிரித்தெடுத்துச் சோதிக்கும் முறை

மூலிகை வேரிலிருந்து முதன்முறையாக ஒரு பொருளைப் பிரிக்கப் போகிறவர்கள் கொடிவேலியில் தொடங்குங்கள். அதிலுள்ள பிளம்பாஜின் மஞ்சள் நிறம். காரப்பொருள் (ஆல்கலி) பட்டால் ஊதாச் சிவப்பாகும். சரக்கு எந்தக் குடுவையில் இருக்கிறது என்பதை அந்த நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

தோலில் பட்டால் கொப்புளம் எழும். நைட்ரைல் கையுறை கட்டாயம். கருவைக் கலைக்கக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே கூடாது.

வேர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ நாட்டு மருந்துக் கடையில் சித்திரமூலம் (கொடிவேலி வேரின் இன்னொரு பெயர்) கேட்டால், சுத்தி செய்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சுத்தி செய்த வேரில் பிளம்பாஜின் குறைந்திருக்கும். மருந்துக்கு அது நல்லது, நமக்கு வீண். பூத்து நிற்கும் செடியிலிருந்து நேரடியாக எடுப்பதே மேல். ஆய்வேடு எழுதுபவர்கள் பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, கெப்போங்கிலுள்ள ஃபிரிம் (மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம்) போன்ற இடத்தின் தாவரக் காப்பகத்தில் அடையாளம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோலாலம்பூர் ஈரக்காற்றில் நிழலுலர்த்தல் பூஞ்சையில் முடியும். காற்றோட்டமுள்ள உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) 40 டிகிரியில் உலர்த்துங்கள். சூட்டைக் கூட்டினால் பிளம்பாஜின் ஆவியோடு போய்விடும்.

சாறு இறக்குதல்

50 கிராம் வேர்த்தூளுக்கு 500 மில்லி ஹெக்சேன் என்ற கரைப்பான். மூடிய குடுவையில், வெளிச்சம் படாமல், 24 மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். அதே தூளில் புது ஹெக்சேன் ஊற்றி இன்னும் இரண்டு முறை. கரைப்பானைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்கும் சொக்ஸ்லெட் கருவி வேகமானதுதான், ஆனால் அதில் சாறு மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஊறவைப்பதையே சொல்வேன்.

பலருக்குச் சரக்கு தொலையும் இடம்

ரோட்டரி இவாப்பரேட்டர், அதாவது வெற்றிடத்தில் ஹெக்சேனை ஆவியாக்கி நீக்கும் கருவி. தொட்டி நீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. சேகரிப்புக் குடுவையில் விழும் ஹெக்சேனைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது மஞ்சளாகத் தொடங்கினால் உங்கள் பிளம்பாஜின் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. கடைசிச் சில மில்லி இருக்கும்போதே நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஆவியை வெளியேற்றும் ஹூடுக்குள் காற்றில் உலரவிடுங்கள். முழுதாக உலரட்டும் என்று வெற்றிடத்தில் இரவெல்லாம் விட்டுவிட்டுப் போனால் காலையில் எடை குறைந்திருக்கும், நிறமும் வெளுத்திருக்கும்.

பிரித்தல்

1 கிராம் சாற்றுக்கு 40 கிராம் சிலிக்கா ஜெல். ஹெக்சேனில் குழம்பாகக் கரைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றுங்கள். குமிழி நிற்கக் கூடாது, மேல்மட்டம் உலரவும் கூடாது. உலர்ந்தால் வெடிப்பு விட்டு, மஞ்சள் பட்டை கோணலாக இறங்கும். சாற்றை மேலே ஏற்றி, முதலில் வெறும் ஹெக்சேன் ஊற்றுங்கள், பிறகு 2 சதவீதம், 5 சதவீதம் எத்தில் அசிடேட் கலந்தது. பத்துப் பத்து மில்லியாகப் பிடியுங்கள்.

ஒவ்வொரு குப்பியையும், பக்கத்திலேயே தூய பிளம்பாஜினையும் டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தட்டில் வைத்து, ஹெக்சேன் 9, எத்தில் அசிடேட் 1 கலவையில் ஓட்டுங்கள். மெத்தனாலில் கரைத்த 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தெளித்ததும் மஞ்சள் புள்ளி ஊதாச் சிவப்பாக மாற வேண்டும். ஒற்றைப் புள்ளி தரும் குப்பிகளை ஒன்றாக்கி, ஹெக்சேனில் படிகமாக்கினால் ஆரஞ்சு நிற ஊசிகள் கிடைக்கும். உருகுநிலை 76 முதல் 79 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இழுத்தால் எண்ணெய்ப் பசை இன்னும் போகவில்லை.

கிருமிச் சோதனை

முல்லர் ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் ஊடகம்), 4 மில்லிமீட்டர் கனம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் தர அளவு) கலங்கலுக்குச் சரிசெய்து பூசுங்கள். பிளம்பாஜினை மில்லிக்கு 1 மில்லிகிராம் வீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 6 மில்லிமீட்டர் தாள் வட்டு ஒன்றில் 10 மைக்ரோலிட்டர். கூடவே டிஎம்எஸ்ஓ மட்டும் வைத்த வட்டு ஒன்று, ஒப்பீட்டுக்கு ஜென்டாமைசின் (கிருமிக்கொல்லி மருந்து) வட்டு ஒன்று. 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் அகலத்தை வைத்து வீரியத்தை ஒப்பிடாதீர்கள். பிளம்பாஜின் நீரில் எளிதில் கரையாது, அகாரிலும் மெல்லத்தான் பரவும். குறைந்தபட்சத் தடுப்பு அளவை (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) குழித்தட்டின் குழிகளில் தனியே பாருங்கள். அங்கே டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

பின்னர் சேர்த்தது: குழிகளில் கிருமி உயிரோடு இருக்கிறதா என்பதை நிறமாற்றத்தால் காட்டும் ரெசசுரின் சாயம் போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளம்பாஜின் ஒரு குயினோன். எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் இயல்புள்ளது. அது அந்தச் சாயத்தின் நிறமாற்றத்தில் குறுக்கிடலாம். அதனால் கிருமி இல்லாமல் மருந்தும் சாயமும் மட்டும் உள்ள ஒரு வரிசை குழிகளை ஒவ்வொரு அளவிலும் வையுங்கள். அந்த வரிசையே நிறம் மாறினால், ரெசசுரினை விட்டுவிட்டு ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளியை அகாரில் வைத்து வளர்கிறதா என்று பாருங்கள்.