ஒரு பல், ஒரு தொடை எலும்பு: பழங்கால மனிதரைப் படிப்பது எப்படி?

மேசை மேல் ஒரு கடைவாய்ப்பல், பக்கத்தில் உடைந்த தொடை எலும்பு. இரண்டும் ஒரே குழியில் கிடைத்தவை என்று வைத்துக்கொள்வோம். இவர் யார், எப்போது வாழ்ந்தார், எங்கே வளர்ந்தார், என்ன சாப்பிட்டார்? புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "டி.என்.ஏ. எடுக்கலாமா?" என்பதுதான். எடுக்கலாம், ஆனால் அது கடைசி வேலை. ஒருமுறை துளை போட்ட பல் திரும்ப மூடாது. அதனால் சேதம் இல்லாத சோதனை முதலில், சேதம் செய்யும் சோதனை பின்னால் என்ற வரிசையிலேயே நாமும் போகலாம்.

உண்மையான எலும்பு எங்காவது மண்ணில் தென்பட்டால் தோண்டாதீர்கள். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, காவல்துறைக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். இந்த விளக்கம் ஆய்வகத்தில் முதல் வாரம் நிற்பவர்களுக்கும், ஆய்வுச் செய்தியை வாசித்துவிட்டு "இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று யோசிப்பவர்களுக்கும்.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம் எலும்பு

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் தப்பு செய்கிறார்கள். உடம்பின் ஒவ்வொரு பகுதியும் வாழ்க்கையின் வெவ்வேறு காலத்தைப் பதிந்து வைத்திருக்கிறது.

நாக்கால் தடவிப் பாருங்கள். முன்பற்களின் நடுவிலிருந்து பின்பக்கமாக எண்ணினால் ஆறாவதாக வருவது முதல் கடைவாய்ப்பல். அதன் எனாமல், அதாவது பல்லின் கடினமான வெளிப்பூச்சு, நீங்கள் பிறந்த சமயத்தில் உருவாகத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று வயதில் முடிந்துவிட்டது. பல் வெளியே வந்தது ஆறு வயது வாக்கில். ஆனால் உள்ளே பதிவானது கைக்குழந்தைக் காலம். ஞானப்பல்லின் மேல்பகுதி உருவாவது ஏறத்தாழ 8 முதல் 14 வயதுக்குள். எனாமல் ஒருமுறை உருவாகிவிட்டால் உடம்பு அதைப் புதுப்பிப்பதில்லை.

எலும்பு அப்படியில்லை. அது ஆயுள் முழுக்கக் கரைந்து கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. தொடை எலும்பு சாவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளையோ அதற்கும் மேலான காலத்தையோ சராசரியாகக் காட்டும். விலா எலும்பு இன்னும் சீக்கிரம் மாறுவதால், கடைசிச் சில ஆண்டுகளைச் சொல்லும்.

ஆக, "எங்கே பிறந்து வளர்ந்தார்?" என்றால் பல். "வயதான காலத்தில் என்ன சாப்பிட்டார்?" என்றால் விலா எலும்பு. "சிறுவயதிலிருந்து சாப்பாடு மாறியதா?" என்றால் இரண்டும் வேண்டும். கேள்வியை ஒரு வரியில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தொடுவதற்கு முன்

கையுறை, முகக்கவசம் இரண்டும் கட்டாயம். உங்கள் எச்சில் துளி ஒன்று போதும், பழங்கால டி.என்.ஏ. உங்களுடைய டி.என்.ஏ. ஆகிவிடும். எலும்பைக் கழுவாதீர்கள். உடைந்த இடத்தில் பசையோ வார்னிஷோ தடவாதீர்கள். அதில் இருக்கும் கார்பன் பின்னால் காலக்கணிப்பைக் கெடுத்துவிடும். கூடவே கிடைத்த மண்ணில் கொஞ்சம் எடுத்து வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பிறகு எல்லாப் பக்கமும் படம், எடை, அளவு. வசதி இருந்தால் நுண் சி.டி. ஸ்கேன். பின்னால் பல்லை வெட்ட நேர்ந்தாலும் அதன் முழு வடிவம் கணினியில் பத்திரமாக இருக்கும்.

படி 3: கண்ணும் அளவுகோலும்

ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்புதான் நம்பகமானது. பெண்களுக்கு முன்பக்கக் கோணமும் பக்கவாட்டுப் பள்ளமும் அகன்றிருக்கும். சிறுவர்களிடம் இந்த வேறுபாடு வந்திருக்காது என்பதால் அங்கே ஊகிக்காமல் விடுவதே நல்லது. வயதுக்கு, குழந்தைகளில் பல் வளர்ச்சியைப் பார்க்கலாம். இளைஞர்களில் எலும்பு நுனிகள் ஒட்டிக்கொண்டனவா என்று பார்க்க வேண்டும். கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதன் உள்முனை ஒட்டி முடிய இருபதுகளின் பிற்பகுதி ஆகிவிடும். நடுவயதைத் தாண்டியவர்களுக்குக் கணிப்பு தளர்ந்துபோகும். "45 வயது" என்று அடித்துச் சொல்லும் அறிக்கையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

மண்டையோட்டின் வடிவத்தை வைத்து "இவர் இன்ன இனம்" என்று சொல்லும் பழக்கம் பெரிய தவறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1996-ல் கிடைத்த கென்னவிக் மனிதரின் மண்டையோட்டைப் பார்த்துவிட்டு, அவர் அமெரிக்கப் பழங்குடிகளின் முன்னோர் இல்லை என்று சிலர் வாதாடினார்கள். 2015-ல் டி.என்.ஏ. வெளிவந்தபோது, இன்றைய அமெரிக்கப் பழங்குடிகளுக்குத்தான் அவர் நெருக்கமானவர் என்று தெரிந்தது. 2017-ல் பழங்குடியினர் அவரை மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

நோய்த் தடயங்களையும் இந்தப் படியிலேயே தேடுங்கள். ராஜஸ்தானின் பாலாதலில் கிடைத்த ஏறத்தாழ 4,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் அடையாளங்கள் இருப்பதாக 2009-ல் ஆய்வு வெளியானது. பலுசிஸ்தானின் மெஹர்கரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப்பற்களில் துளை போட்டிருக்கிறார்கள். துளையின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. அதாவது துளை போட்ட பிறகும் அவர்கள் அந்தப் பல்லால் மென்றிருக்கிறார்கள். ஒரு பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் இந்த அளவு தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு முரண் உண்டு. நோயின் தழும்பு எலும்பில் ஏற நாளாகும். தழும்போடு இருப்பவர் நோயோடு போராடிச் சில காலம் வாழ்ந்தவர். சட்டென்று இறந்துபோனவரின் எலும்பு எந்தக் குறையும் இல்லாமல் பளிச்சென்று இருக்கும். ஆகவே தழும்பில்லாத எலும்பைப் பார்த்து "ஆரோக்கியமானவர்" என்று எழுதிவிடாதீர்கள்.

படி 4: பல்லுக்குள் இருக்கும் நாட்காட்டி

பல்லை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் வளையங்கள் மாதிரி கோடுகள் தெரியும். எனாமல் தினமும் கொஞ்சம் வளர்கிறது, அந்தத் தினசரிக் கோடும் பதிகிறது. பிறந்த நாளன்று உருவாகும் கோடு தனியாகத் தெரியும். அங்கிருந்து எண்ணினால், கடும் காய்ச்சலோ பட்டினியோ எந்த வயதில் வந்தது என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். அப்படிப்பட்ட அதிர்ச்சி பெரிதாக இருந்தால் பல்லின் வெளிப்பக்கத்திலேயே குறுக்குப் பள்ளமாகத் தெரியும். அதற்கு வெட்டவே வேண்டாம்.

படி 5: கொலாஜனைப் பிரித்து எடுத்தல்

சாப்பிட்டு முடித்த கோழி எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து வினிகரில் சில நாள் ஊறவையுங்கள். ரப்பர் போல வளையும். கடினத்தைத் தந்த தாது கரைந்துபோய், கொலாஜன் என்ற புரதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆய்வகத்திலும் இதுதான் நடக்கிறது. ஒரு கிராமோ அதற்கும் குறைவோ எலும்பை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிரில் ஊறவைத்து, மிஞ்சியதை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு பொருள் கிடைக்கும்.

அதைப் பயன்படுத்தும் முன் கார்பன், நைட்ரஜன் அணுக்களின் விகிதத்தைப் பாருங்கள். 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் இருந்தால் சரி. வெளியே போனால் மண் கெடுத்துவிட்டது என்று பொருள். அதை வைத்து மேலே போகாதீர்கள்.

இந்தப் பஞ்சை வைத்து இரண்டு வேலை முடிக்கலாம்.

முதலாவது காலக்கணிப்பு. கார்பன் 14 என்பது மெல்லச் சிதையும் ஒரு வகைக் கார்பன். அது பாதியாகக் குறைய ஆகும் காலம், அதாவது அரை ஆயுள், 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை இந்த முறை எட்டும். ஆனால் இயந்திரம் தரும் எண்ணை அப்படியே எழுதக்கூடாது. காற்றில் கார்பன் 14-இன் அளவு காலந்தோறும் மாறியிருப்பதால், மர வளையங்களை வைத்துத் தயாரித்த திருத்த வளைகோட்டோடு பொருத்த வேண்டும். அவர் மீன் சாப்பிட்டவரா என்றும் பார்க்க வேண்டும். கடலில் கார்பன் பழையதாகவே சுற்றிக்கொண்டிருப்பதால், கடலுணவு தின்றவரின் எலும்பு உண்மையைவிடச் சில நூற்றாண்டு பழையதாகக் காட்டும். இங்கிலாந்தின் ரெப்டனில் குறைந்தது 264 பேரின் எலும்புகள் குவிந்திருந்த இடம் இருக்கிறது. கி.பி. 873-ல் அங்கே முகாமிட்ட, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் படையினர்தான் என்று தோன்றினாலும், சிலரின் காலம் அதற்கு வெகுமுன்னால் காட்டியது. மீன் உணவைக் கணக்கில் எடுத்துத் திருத்தியபோது எல்லாம் 9-ஆம் நூற்றாண்டோடு பொருந்தியதாக 2018-ல் ஆய்வு வெளியானது. சாப்பாடு தெரியாமல் தேதி தெரியாது.

இரண்டாவது, அந்தச் சாப்பாடு. நெல், கோதுமை போன்றவை ஒரு வழியில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு போன்றவை இன்னொரு வழியில். முதல் வகையின் கார்பன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவு, ஆயிரத்தில் எத்தனை என்ற கணக்கில், சராசரியாக −26 என்றால், இரண்டாவது −12 அளவில் இருக்கும். உண்பவரின் கொலாஜனில் ஏறத்தாழ 5 கூடும். எனவே −21 வந்தால் முதல் வகை, −7 வந்தால் இரண்டாவது வகை, நடுவில் வந்தால் கலவை. கடலுணவும் இப்படி நடுவில் கொண்டுவந்து நிறுத்தும், கவனம். நைட்ரஜன் ஐசோடோப்பு உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது 3 முதல் 5 வரை கூடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை தாயைவிட ஒரு படி மேலே நிற்கும், பால் மறந்ததும் இறங்கும். பால் மறந்த வயதைக்கூட இப்படிச் சொல்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

படி 6: ஊர் எது?

பாறையில் இருக்கும் ருபீடியம் என்ற தனிமம் மெல்லச் சிதைந்து, ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஒரு ஐசோடோப்பான ஸ்ட்ரான்சியம் 87 ஆகிறது. பாறை எவ்வளவு பழையதோ, அதில் ருபீடியம் எவ்வளவு இருந்ததோ, அதற்கேற்ப ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்குமான விகிதம் மாறும். இளம் எரிமலைப் பாறையில் 0.704 அளவு, கடல்நீரில் 0.7092, பழைய கிரானைட்டில் 0.72-ஐயும் தாண்டலாம். பாறையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து குழந்தையின் பல்லுக்கு. கால்சியத்தின் இடத்தில் போய் ஸ்ட்ரான்சியம் உட்கார்ந்துகொள்கிறது.

எனாமலில் சில மில்லிகிராம் சுரண்டினால் போதும். எலும்பை இதற்கு எடுக்காதீர்கள். நிலத்தடி நீரின் ஸ்ட்ரான்சியம் எலும்புக்குள் ஏறிவிடுவதால், அடக்கம் செய்த ஊரின் விகிதமே வந்து நிற்கும். முற்றிலும் வெந்து வெள்ளையான எரிந்த எலும்பு மட்டும் விதிவிலக்கு.

எண் கிடைத்ததும், அந்த ஊர்ச் செடி, நத்தை ஓடு, அந்த மண்ணில் மேய்ந்த விலங்குகளின் பல் இவற்றோடு ஒப்பிட வேண்டும். பொருந்தவில்லை என்றால் "இங்கே வளரவில்லை" என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் "அங்கேதான் வளர்ந்தார்" என்று சொல்ல முடியாது. ஒரே விகிதம் பத்து இடத்தில் இருக்கும். அதனால்தான் குடித்த நீரின் தட்பவெப்பத்தைக் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்பையும் சேர்ப்பார்கள். இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் 2002-ல் கிடைத்த எய்ம்ஸ்பரி வில்லாளி, ஏறத்தாழ கி.மு. 2300-ஐச் சேர்ந்தவர். குளிர் மிகுந்த ஆல்ப்ஸ் பகுதியில் சிறுவயதைக் கழித்தவர் என்று அவருடைய பல்தான் காட்டிக்கொடுத்தது.

படி 7: பற்காரையைத் தூக்கி எறியாதீர்கள்

பற்காரை என்பது பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கு. முன்பெல்லாம் பல்லைச் "சுத்தம்" செய்கிறேன் என்று அதைச் சுரண்டி எறிந்தார்கள். ஜெர்மனியின் டால்ஹைமில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு நடுவயதுப் பெண்ணின் பற்காரையில் நீலத் துகள்கள் நூற்றுக்கும் மேல் இருந்தன. லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்துச் செய்த விலை உயர்ந்த நிறமி அது. 11 அல்லது 12-ஆம் நூற்றாண்டுக் கன்னியர் மடத்தில் ஏடுகளுக்கு ஓவியம் தீட்டியவர், தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கியிருக்க வேண்டும் என்பது 2019-ல் வெளியான ஆய்வின் முடிவு. மாவுத் துகள், பால் புரதம், வாய்க் கிருமிகளின் டி.என்.ஏ. எல்லாமே காரைக்குள் அடைபட்டிருக்கும்.

படி 8: புரதம், கடைசியாக டி.என்.ஏ.

வெப்பத்தில் டி.என்.ஏ. சிதைந்த இடத்திலும் புரதம் தாக்குப்பிடிக்கும். எனாமலில் இருக்கும் அமெலோஜெனின் புரதத்துக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு வடிவம். ஒய் வடிவம் இருந்தால் ஆண். சிறுவர்களுக்கும் இது செல்லும். இத்தாலியின் மோதெனாவில் 2009-ல் கை கோத்தபடி கிடைத்த இருவரைக் "காதலர்கள்" என்று ஆணும் பெண்ணுமாகவே பேசிவந்தார்கள். 2019-ல் பல்லைச் சோதித்தபோது இருவரும் ஆண்கள்.

டி.என்.ஏ.வுக்கு நல்ல இடம், உட்காதைச் சுற்றியுள்ள பாறை போன்ற எலும்பு. அடுத்தது பல்லின் வேர்ப்பூச்சு. கிருமியைத் தேடினால் பல்லின் உட்கூழ் இருந்த குழி. 14-ஆம் நூற்றாண்டில் லண்டனில் கொள்ளைநோயில் இறந்தவர்களின் பல்லிலிருந்து 2011-ல் அந்தக் கிருமியின் முழு மரபணுத் தொகுதியையே வாசித்துவிட்டார்கள். கிடைத்தது பழையதா, ஆய்வாளருடைய எச்சிலா என்பதை அறிய இழையின் முனைகளைப் பாருங்கள். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், பழைய இழையின் முனைகளில் சிதைந்து, இன்னொரு எழுத்தான தைமின் போல வாசிக்கப்படும். புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தோல்விக்கும் தயாராக இருங்கள். ஹரியானாவின் ராக்கிகர்ஹியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, 2019-ல் ஒரே ஒரு பெண்ணின் டி.என்.ஏ.தான் வெளியிட முடிந்தது. வராமல் போன மாதிரிகளையும் எண்ணோடு எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அதே எலும்பில் இன்னொரு துளை போட வேண்டியிருக்காது. மீந்த தூளை உறையில் இட்டு, எந்த எலும்பு, எந்த இடம், எந்தத் தேதி என்று குறித்து, உலர்ந்த குளிர்ந்த பெட்டியில் போட்டு மூடுங்கள்.