ஊரடங்கில் பிரஷர் மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அட்டையில் பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள், கடைசி இரண்டு வரை காத்திருந்தால் மாம்பலம் முழுக்க அலைந்தாலும் அதே மில்லிகிராம் கிடைக்காமல் போகலாம் (2020இல் நான் அலைந்தேன்).

முதலில் ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். காபி குடித்த கையோடு பார்க்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். அந்தக் கணக்கும் பழைய சீட்டின் போட்டோவும் இருந்தால் டாக்டர் வீடியோவிலேயே புதுச் சீட்டு தரலாம். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ விதிகள் அதற்கு இடம் தருகின்றன. அரசின் ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியும் இருக்கிறது, இலவசம். சீட்டில் அம்லோடிபின், டெல்மிசார்டன் என்று மருந்தின் பெயரையே எழுதச் சொல்லுங்கள், கடையில் ஒரு கம்பெனி இல்லையென்றால் இன்னொன்று வாங்கலாம்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் வதந்தி. டெல்மிசார்டன் போட்டால் கொரோனா தீவிரமாகும் என்று நம்பித் தாங்களாகவே நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள் என்றுதான் இதய மருத்துவச் சங்கங்கள் அப்போதே அறிவித்தன. ஆனால் காய்ச்சலோடு வாந்தி, பேதி என்று உடம்பில் நீர் வற்றினால் அன்றே டாக்டரைக் கேளுங்கள், சில நாள் நிறுத்தச் சொல்லலாம். 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலியும் இருந்தால் போனில் டாக்டரைத் தேடாதீர்கள், 108.